தொண்டிக்குப் போக நமக்குக் கடல் இல்லை

மிஷன் பயணம் போய் வந்தவர் கையில் ஞாயிறு ஆராதனையில் மைக் கிடைத்தால் முதலில் வருகிற வாக்கியம் எல்லோருக்கும் தெரியும்: "கொடுக்கப் போனோம், பெற்றுக்கொண்டு வந்தோம்." நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், பயணத்துக்கு முன்பு விட்ட இடத்திலிருந்து என் வாழ்க்கையைத் தொடர்ந்திருக்கிறேன். அந்த வாக்கியம் பேச்சளவில் நிற்காமல் உண்மையாகவே நடந்தேறிய ஒரு நிகழ்வை எடுத்து, எது மாறியது, எப்படி மாறியது, மாற எத்தனை காலம் பிடித்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அப்படி ஒன்று 1902இல் நடந்திருக்கிறது. போனவர் திருநெல்வேலிக்காரர். போன இடம் யாழ்ப்பாணம்.

அதோடு 2023இல் எங்கள் சபைக் குழு அதே யாழ்ப்பாணத்தில் கழித்த எட்டு நாட்களையும் வைத்துப் பார்க்கிறேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் பெரிய நிகழ்வில் புரியாமல் நழுவும் ஒரு விஷயம், சிறியதில் கைக்கு அகப்படுகிறது.

இரண்டு சபைகள்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17ஆம் தேதி வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்ச் சபையின் ஐயர், அதாவது போதகர். பாளையங்கோட்டையிலும் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்த அசரியா, 1895இல் ஒய்.எம்.சி.ஏ.யில் செயலாளராகச் சேர்ந்தார். அமெரிக்கரான ஷெர்வுட் எடியோடு சேர்ந்து தென்னிந்தியா முழுவதும் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணம் போனதும் அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான். அதாவது அவர் பார்வையாளராகப் போகவில்லை, பேச்சாளராகப் போனார்.

அவரை வளர்த்த சபை சாமானியமானதல்ல. பாளையங்கோட்டையில் கிறிஸ்தவத்துக்கு வந்த பிராமண விதவை குளோரிந்தா கட்டிய கோயிலுக்கு 1785 வரை வேர் போகிறது. 1820இல் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் வந்தார். 1877–78 பஞ்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கில் மக்கள் சேர்ந்தார்கள். தேரிக்காட்டில் ஒரு பனங்கூட்டத்தைத் தாண்டினால் அடுத்த கோயில் மணி கேட்கும் என்கிற நிலை. இந்தியாவின் புராட்டஸ்டண்டு சபைகளில் மிஷனரிகள் பெருமையோடு கூட்டிப் போய்க் காட்டுகிற சபை அது.

கொடுக்காத சபையும் அல்ல. கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், உபதேசியார்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆட்களையும் அனுப்பினார்கள்: இலங்கை மலைத்தோட்டத் தொழிலாளர்களுக்காக 1854இல் ஒரு மிஷன் தொடங்கியபோது முதல் உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்துதான் போனார்கள். ஆனால் கூப்பிட்டது வெள்ளைக்கார மிஷன், அனுப்பியது வெள்ளைக்கார மிஷன், எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ததும் அதுவே. ஆள் நம்முடையவர், தீர்மானம் நம்முடையதல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

யாழ்ப்பாணம் வேறு மாதிரி வளர்ந்தது. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளி, 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை. எண்ணிக்கையில் பார்த்தால் திருநெல்வேலியின் ஒரு மூலைக்குக் காணாத சபை. ஆனால் 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியதே யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து போனவர்களால்தான்.

1855இல் அமெரிக்க மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் வந்து பார்த்துவிட்டுப் போன கையோடு வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போகிறார்களே தவிர ஊழியத்துக்கு வருவதில்லை என்பது குறை. சபை தன் செலவைத் தானே பார்த்து, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்பது ஆண்டர்சனின் கொள்கை. அதே காலத்தில் திருநெல்வேலியை நடத்திய ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான சி.எம்.எஸ்.ஸின் செயலாளர் ஹென்றி வென்னும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தார். ஆக, இரண்டு சபைக்கும் ஒரே பாடம் போதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தார் அந்தப் பாடத்தைத் தங்கள் பாணியில் எடுத்துக்கொண்டார்கள்: நீங்கள் மூடினால் என்ன, நாங்கள் திறக்கிறோம் என்று ஊர்க் கிறிஸ்தவர்களே முன்கை எடுத்து 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியை உண்டாக்கினார்கள். தன்னை நடத்து என்று சொன்னவரின் முடிவையே தாண்டித் தன்னை நடத்திக்கொண்ட சபை. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

கண்டது

அசரியா போன காலத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதை இன்னும் முழுதாக இணையவில்லை. அதை இணைத்து முடித்தது 1905இல். இந்தியாவும் இலங்கையும் ஒரே முடியின் கீழ் இருந்தாலும் ஒரே அரசாங்கத்தின் கீழ் இல்லை. இலங்கை தனிக் காலனி. கடலும் நடுவில் இருந்தது. வெளிநாடுதான். ஆனால் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அதே தமிழ்.

அங்கே அவர் கண்டது ஒரு மிஷனரிச் சங்கம். யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்களும் ஆசிரியர்களும் சபையாரும் தங்கள் பணத்தில், தங்கள் ஆட்களை, வெளிநாட்டு மிஷனரிகளாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்பிய இடம் தொண்டி.

தொண்டி என்றால் இராமநாதபுரம் கரையில் இருக்கிற, அன்றைக்கு மதுரை ஜில்லாவைச் சேர்ந்த நம் தொண்டியேதான். வரைபடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து நேர் மேற்கே விரலை இழுத்தால் நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் தொண்டியில் போய் முட்டும். நடுவில் இருப்பது பெரும்பாலும் கடல். யாரும் எட்டிப் பார்க்காத கரையோர மக்களுக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று அவர்கள் அந்தக் கடலைக் கடந்து வந்திருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து தொண்டிக்குக் கடல் கிடையாது. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போகலாம். நூறு ஆண்டுக்கு மேல் விசுவாசம் கேட்ட, இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கிய திருநெல்வேலிச் சபை, அப்படி வண்டி கட்டித் தன் முடிவில் யாரையும் எங்கும் அனுப்பியிருக்கவில்லை.

அசரியா வெட்கப்பட்டார். அந்த வெட்கம் அவரே பிற்காலத்தில் மறைக்காமல் வைத்திருந்தது. திரும்பி வந்தவர், வந்த வேகத்தில் மற்றவர்களைக் கூட்டினார். 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. 1905 டிசம்பர் 25ஆம் தேதி செராம்பூரில், வில்லியம் கேரியின் நூலகத்தில், அகில இந்திய அளவில் தேசிய மிஷனரிச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் பொதுச் செயலாளராகவும் அவரே ஆனார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற மூன்றும் அதன் அடிப்படை. மூன்றில் முதலாவது திருநெல்வேலியில் ஏற்கெனவே இருந்தது, இரண்டாவது பாதி இருந்தது. மூன்றாவதைத்தான் யாழ்ப்பாணத்தில் பார்த்துவிட்டு வந்தார் என்று சொல்வேன்.

ஏன் அவ்வளவு சுட்டது

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மிஷனரி வாழ்க்கையைப் பற்றி அசரியா அதுவரை கேட்காதது ஒன்றுமில்லை. இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்களின் மத்தியிலேயே வளர்ந்தவர். அவர்களோடுதான் வேலை செய்தார். அவர்களுடைய தியாகம் அவரை நெகிழ வைத்திருக்கும். ஆனால் வெட்கப்பட வைக்கவில்லை. காரணம், அவர்கள் 'வேறு'. வெள்ளைக்காரருக்குப் பணம் உண்டு, கப்பல் உண்டு, அரசாங்கத்தின் நிழல் உண்டு. அவர்களால் முடியும், நம்மால் முடியாது என்று மனம் ஒரு தட்டி கட்டி வைத்திருக்கும். யாழ்ப்பாணத்தில் அந்தத் தட்டி விழுந்தது. அனுப்புகிறவர் தமிழர். அவருக்கும் அதே வருமானம், அதே காலனி ஆட்சி, மேலே அதே மாதிரி வெள்ளைக்கார மிஷன். சாக்குச் சொல்ல இடமில்லை. அண்ணன் வீட்டுச் செல்வம் உறுத்தாது, தம்பி தன் வருமானத்தில் வீடு கட்டினால் உறுத்தும் என்பது போல.

இன்னொன்று. அந்தச் சங்கத்தை அவர்கள் அசரியாவுக்காக நடத்தவில்லை. அவர் வராமல் இருந்திருந்தாலும் தொண்டிக்கு ஆள் போய்க்கொண்டிருந்திருப்பார். விருந்தாளிக்காகப் போட்ட நிகழ்ச்சி விருந்தாளியை மகிழ்விக்கும், அவ்வளவுதான். விருந்தாளி இல்லாவிட்டாலும் நடக்கிற ஒன்றின்மேல் தற்செயலாகக் கால் இடறினால்தான் வலிக்கும்.

மூன்றாவதாக நான் சொல்வது என் ஊகம், ஆவணத்தில் தேடாதீர்கள். யாழ்ப்பாணத்தாரின் கண்ணில் தமிழ்நாட்டுக் கரை ஒரு மிஷன் களம். அப்படியானால் அங்கிருந்து போன அசரியா யார்? ஒரு வகையில் பார்த்தால் களத்திலிருந்து வந்தவர். பிரசங்க மேடையில் நின்றவருக்கு, தாம் நிற்கிற மேடைக்குக் கீழே இருப்பவர்கள் தம் மக்களுக்காக உண்டியல் போடுகிறவர்கள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்ற கணக்கு ஒரு கூட்டத்துக்குள் தலைகீழாகிப்போனது. அதைத் தாங்கிக்கொண்டார் என்பதுதான் அவருடைய பெருமை. பலர் அந்த நேரத்தில் உடனே எதையாவது கொடுத்துச் சமன் செய்யப் பார்ப்பார்கள்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்றையும் கவனிக்க வேண்டும். "ஏழைகளாக இருந்தும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" இன்றைய பயண அறிக்கைகளில் இது இல்லாத பக்கம் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே பார்த்தால் போன சபையை ஒரு காட்சிப் பொருளாக்குகிற வாக்கியம். அவர்களுடைய வறுமை நம் மனத்திருப்திக்குப் பாடமாகிவிடுகிறது, அவர்கள் என்ன தீர்மானித்தார்கள், என்ன நடத்துகிறார்கள் என்பதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அசரியா அவர்களுடைய முகத்தைப் பார்த்து வியக்கவில்லை. அவர்களுடைய சங்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். பொறாமை என்ற சொல் ஐயர்களுக்குப் பிடிக்காது. பவுலே தன் இனத்தாரிடம் அதை மூட்டப் பார்த்திருக்கிறார் என்பதால் பயன்படுத்துகிறேன்.

ஏழு ஆண்டுகள்

இந்த நிகழ்வில் எல்லோரும் அவசரமாகத் தாண்டிவிடும் பகுதி இது. பாளையங்கோட்டையில் பிறந்த இந்திய மிஷனரிச் சங்கம் தன் களமாக எடுத்துக்கொண்டது நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதியை. வேறு மொழி, வேறு அரசு, வேறு சாப்பாடு. சங்கத்தின் முதல் மிஷனரியாக சாமுவேல் பாக்கியநாதன் போனார். அசரியா போகவில்லை. அவர் சங்கத்தின் செயலாளர். கடிதம் எழுதினார், பணம் திரட்டினார், ஊர் ஊராகப் பேசி ஆட்களைத் தூண்டினார். 1907இல் உலக மாணவர் கிறிஸ்தவ மாநாட்டுக்காக டோக்கியோ வரை போய் வந்தார்.

போங்கள், போங்கள் என்று ஆறு ஆண்டு பிறரிடம் சொன்னவர் 1909இல் குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தாமே தோர்ணக்கலுக்குக் குடிபெயர்ந்தார். வயது முப்பத்தைந்து. அதற்கு மேல் உட்கார்ந்து தெலுங்கு கற்றார். யாழ்ப்பாணம் அவருடைய சிந்தனையை ஓராண்டுக்குள் மாற்றியது. உடம்பை இடம் மாற்ற ஏழு ஆண்டு ஆனது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழு ஆண்டும் அது அறாமல் இருந்ததற்குக் காரணம், திரும்பி வந்தவுடன் அவர் அதை ஒரு சங்கத்தோடும் கணக்குப் புத்தகத்தோடும் மாதக் கூட்டத்தோடும் கட்டிவிட்டார் என்பதே. உணர்ச்சியை நம்பியிருந்தால் 1903 கோடையிலேயே ஆவியாகியிருக்கும்.

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அசரியா எழுந்து, வெளிநாட்டு மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவிலிருந்த தூரத்தைப் பற்றி முகத்துக்கு நேராகப் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அதன் முடிவு. மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. புரவலருக்கும் நண்பருக்கும் உள்ள வேறுபாட்டை அவர் எங்கே கற்றார்? எடியின் நட்பு ஒரு காரணம், சந்தேகமில்லை. தமக்குச் சமமான ஒரு சபையின் விருந்தாளியாக யாழ்ப்பாணத்தில் இருந்த நாட்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். எதிர்ப்பு வந்தது, வெள்ளையரிடமிருந்து மட்டும் அல்ல. 1945 ஜனவரி 1ஆம் தேதி தோர்ணக்கலில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே சபையில் சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள், கூலி விவசாயிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைத்துக்கொண்டு, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பார். பாதிரியாரின் கை தலைமேல் வருவதற்கு முன்பே தன் கை தன் தலைமேல். யாழ்ப்பாணத்தில் படித்த பாடம் எழுத்தறியாத கூலிக்காரர் வரை போய்ச் சேர்ந்த விதம் அது: அனுப்ப ஆள் வரும் என்று காத்திராதே, நீயே அனுப்பப்பட்டவன்.

எங்கள் எட்டு நாட்கள்

இனி சின்னக் கதை. 2023இல் நாங்கள் 13 பேர். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம். ஏறி இருக்கையில் அமர்ந்து மூச்சு விடுவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். 2022இல் இலங்கை திவாலாகி, எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். ஆளுக்கு ஒரு பெட்டியில் பால்மா, மாத்திரை, நோட்டுப் புத்தகம். நாள் வாரியாக அச்சடித்த நிகழ்ச்சி நிரல்: காலையில் சிறுவர் வேதாகமப் பள்ளி, மதியம் வீடு சந்திப்பு, மாலையில் எழுப்புதல் கூட்டம்.

வலிகாமத்தில் எங்களை ஏற்றுக்கொண்ட சபையின் போதகர் அந்தத் தாளை விறாந்தையில் வைத்து மெதுவாகப் படித்தார். "சிறுவர் நிகழ்ச்சி நல்லது. மாலைக் கூட்டம் எதற்கு?" என்றார். எங்கள் தலைவர் விளக்கினார். "இங்கே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கதிரையைப் போட்டு இருந்து எங்கள் ஆட்களோடு கதையுங்கள். அது போதும்." கதைப்பது என்றால் அங்கே பேசுவது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. தயாரித்த பிரசங்கம் வீணாகிறதே என்ற வருத்தம் என் பையிலும் ஒன்று இருந்தது.

நானும் இன்னொருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் தங்கினோம். ஊரே அவரை ரீச்சர் என்றுதான் அழைத்தது. மூன்றாம் நாள் காலை, தண்ணீர் கேட்கக் குசினிப் பக்கம் போனேன். அவர் ஒரு பேணியால், அதாவது தகர டின்னால், அரிசி அளந்து பாத்திரத்தில் போட்டார். போட்டுவிட்டு, பாத்திரத்திலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்தார். தட்டில் இருந்த இன்னொரு பேணிக்குள் விட்டார். அது பழைய பால்மாப் பேணி. ஒட்டியிருந்த தாள் உரிந்து, விளிம்பு துருப்பிடித்திருந்தது.

"எங்கள் பாட்டியும் பிடி அரிசி எடுத்து வைப்பார்கள், அம்மா" என்றேன், ஏதோ உறவு கண்டுபிடித்த சந்தோஷத்தில்.

"இப்போது உங்கள் வீட்டில்?"

"இப்போது இல்லை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பேச்சை மாற்ற, இந்த அரிசி யாருக்குப் போகிறது என்று கேட்டேன். மலையகத்தில் அவர்கள் சபை ஓர் ஊழியரை வைத்திருக்கிறதாம், ஓர் இளம் பெண். எல்லா வீட்டுப் பிடியும் மாதக் கடைசியில் கோயிலுக்கு வரும், விற்றுப் பணம் போகும். போன வருடம் கடையில் அரிசியே இல்லாத மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அப்போது பிடி சிறிதாகிவிட்டது, தம்பி" என்று மூன்று விரல் நுனிகளைச் சேர்த்துக் காட்டினார். பதினைந்து இருபது அரிசி இருக்கலாம் அந்த நுனியில்.

மலையகத் தமிழர் யார் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஜில்லாக்களிலிருந்து காப்பிக்கும் தேயிலைக்கும் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1948இல் ஒரு சட்டத்தால் குடியுரிமையே இல்லாமல் ஆக்கப்பட்டவர்கள். எங்கள் சபையின் எந்த ஜெபக் குறிப்பிலும் அவர்களை நான் பார்த்ததில்லை.

நாங்கள் கொண்டுபோன பால்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். போதகர் நன்றியோடு வாங்கி, ஒவ்வொரு பொட்டலத்தையும் ஒரு நோட்டில் எழுதினார். ஐந்தாம் நாள் அது முழுவதும் மலையகத்துக்கு வண்டி ஏறியது. அவர்கள் சபையின் அன்பளிப்பாக. எங்களில் சிலருக்கு உள்ளூர வருத்தம். வாங்குகிறவர் கையோடு சேர்த்து எடுக்கப் படம் இல்லாமல் போயிற்றே.

கணக்கு

திரும்பியதும் சேகரக் கமிட்டிக்கு மூன்று பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பிடி அரிசி அதில் இல்லை. 'நாம் செய்த ஊழியங்கள்' என்ற தலைப்பின் கீழ் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இது எங்கள் நோய் மட்டுமல்ல. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை அழித்த பிறகு வட அமெரிக்கச் சபைகளிலிருந்து வீடு கட்டித்தரப் பலர் போனார்கள். அவர்களைப் பின்னாளில் விசாரித்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், பயணம் தங்களை மாற்றிவிட்டது, இப்போது அதிகம் கொடுக்கிறோம் என்று பலர் சொன்னதைப் பதிவு செய்தார். பிறகு காணிக்கைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். சொன்ன அளவுக்கு அதில் ஏறியிருக்கவில்லை. இளஞ்செடியை வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் நிமிர்ந்துவிடும், வளைத்த இடத்தில் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் என்பது அவர் சொன்ன உவமை. அசரியாவுக்கு அப்படிப் பிடித்து வைத்தது 1903 பிப்ரவரியின் சங்கம்.

எங்களுக்கு? வந்த வேகத்தில் கோயில் வாசலில் பிடி அரிசிப் பெட்டி வைத்தோம். முதல் மாதம் பெட்டி நிரம்பியது. வீட்டுக்கு வீடு வேறு வேறு அரிசி. பொன்னியும் இட்லி அரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து கிடந்ததை யார் பிரிப்பது, யார் விற்பது, அந்தப் பணத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதில் கமிட்டி இரண்டு கூட்டம் பேசியது. ஐந்தாம் மாதம் பெட்டி ஸ்டோர் அறைக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் அரிசியைப் பார்த்த நாங்கள், அரிசிக்குப் பின்னால் இருந்த ஊழியரைக் கேட்டு வரவில்லை. பெயர் தெரியாத, முகம் தெரியாத யாருக்கோ பிடி எடுத்து வைக்க எந்தக் குசினியும் நெடுநாள் சம்மதிக்காது. அசரியா தொண்டியைக் கேட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் பேணியைப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

ஆனாலும் முழுக்க ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். குழுவில் வந்த இரண்டு குடும்பங்கள் இன்னும் பிடி எடுக்கின்றன. மலையகத்து அந்தப் பெண்ணின் பெயரை அவர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை போனில் பேசுகிறார்கள். கமிட்டியைக் கேட்கவில்லை.

இந்த ஆண்டு அந்தச் சபையிலிருந்து நான்கு பேர் நம் ஊருக்கு வருகிறார்கள். எங்கே தங்க வைப்பது என்பதில் கமிட்டியில் இழுபறி. வீடுகளில் வசதி போதாது, லாட்ஜில் போட்டுவிடலாம் என்று ஒரு கட்சி. நான் எதிர்க் கட்சி. ரீச்சரும் வருகிறார். என்னென்ன பார்க்க ஆசை என்று கேட்டு எழுதியிருந்தோம். கன்னியாகுமரி, நாசரேத், குளோரிந்தா கோயில் என்று நாங்களே ஒரு பட்டியலும் போட்டு அனுப்பியிருந்தோம். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள் ஒதுக்கித் தொண்டிக்குக் கூட்டிப் போக முடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். எங்களில் யாரும் அங்கே போனதில்லை என்பதால், எந்த பஸ் என்று இப்போதுதான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.